இடது காது

சேசு மரி சூசை

விருத்தாசலம்
18.8.2003

அன்பு மகன் தங்கதுரைக்கு அப்பா சாமிதுரை எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மலைக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறோம். உனக்குக் குருப்பட்டம் ஆன நாளிலிருந்து சாமி என்றும் நீங்கள் என்றும்தான் எழுதி வருகிறேன், பெற்றவனாக இருந்தாலும் அதுதான் முறை. இந்தக் கடிதத்தில் மட்டும் நீ என்று எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஒன்பது வயதுத் தங்கதுரைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இருபத்து நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன், அவனை நீங்கள் என்று கூப்பிட எனக்கு வரவில்லை.

ஊரில் மழை இல்லை, மணிமுத்தாற்றில் மணல்தான் ஓடுகிறது. உன் தங்கச்சி தமிழினி போன வாரம் கம்மாபுரத்திலிருந்து பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு அவர்கள் நிலத்தையும் எடுப்பார்கள் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது, அளக்க வந்த ஆள்மீது அவள் மாமனார் அரிவாளை ஓங்கிவிட்டாராம், நாலு பேர் பிடித்து இழுத்ததில் அவர் தோள்பட்டை விலகிப்போனது, அரிவாள் பக்கத்தில் நின்ற மாட்டின் தொடையில் இறங்கியது. மாட்டுக்குப் பதினோரு தையல். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் பீங்கான் கம்பெனியில் வாரத்துக்கு இரண்டு நாள் என்னைக் கூப்பிடுகிறார்கள், சூளையிலிருந்து இறங்கின கரண்ட் கம்பத்து இன்சுலேட்டரைத் தட்டிப் பார்த்து விரிசலைச் சொல்ல இப்போது இருக்கிற ஆட்களுக்குக் காது போதவில்லையாம். நானும் போய் ஸ்டூலில் உட்கார்ந்து போல்ட்டால் தட்டிக்கொண்டிருக்கிறேன், நல்லது கணீர் என்கிறது, உள்ளே கீறல் விட்டது சொத்தென்கிறது. சொத்தென்றதை அங்கேயே போட்டு உடைத்துவிடுவோம், உனக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. வழக்கம்போல நான் உரக்கப் படிக்க, உன் அம்மா அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். உங்கள் குருமடத்தில் முதல் வருஷத்து மாணவர்களுக்கு லத்தீன் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் இந்த வருஷத்திலிருந்து நீதான் நடத்துகிறாய் என்ற இடத்தில் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த பக்கத்தில்தான் அந்த விஷயம் வந்தது. மூன்று வாரமாக ஒரே வேற்றுமை உருபைத் தப்பாகச் சொன்ன மாணவன் ஒருவனை எழுப்பி நிறுத்தி இரண்டு கன்னத்திலும் அறைந்தேன், மூக்கிலிருந்து ரத்தம் நோட்டில் சொட்டியது, மறுநாள் வகுப்பு முழுதும் ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தது என்று எழுதியிருந்தாய். அதோடு விடாமல், அப்பா, நீங்கள் எனக்குச் செய்தது எவ்வளவு சரி என்று இப்போதுதான் விளங்குகிறது, உங்கள் கைக்கு நன்றி என்று முடித்திருந்தாய். பொய் சொல்ல மாட்டேன், அந்த வரியைப் படித்ததும் முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குரலைக்கூட உயர்த்திப் படித்தேன். நிமிர்ந்து பார்த்தால் உன் அம்மா கீரையை அப்படியே தரையில் கொட்டிவிட்டு எழுந்து போகிறாள்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தத் துணியை எடுத்து வந்தாள். பட்டத்தன்று ஆயர் உன் உள்ளங்கையில் தைலம் பூசிக் கட்டிவிட்ட வெள்ளைத் துணி. குருவைப் பெற்றவள் சாகும்போது அதை அவள் கையில் சுற்றிப் புதைப்பார்கள் என்று சொல்லி உன் கையாலேயே அவளிடம் கொடுத்தாயே, அது. இந்த ஏழு வருஷத்தில் வருஷத்துக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி, கற்பூரம் வைத்து மடிப்பாள், தமிழினியைக்கூடத் தொட விட்டதில்லை. அதை என் மடியில் போட்டுவிட்டு, இந்தத் துணி கட்டின கையாலயா அடிச்சான் என்று கேட்டாள். அப்புறம் சொன்னாள், அவனுக்கு உண்மைய எழுதுங்க, நீங்க எழுதலன்னா நான் போஸ்ட் ஆபீஸ் வாசல்ல யாரு கையிலயாவது சொல்லி எழுதிக்குறேன், அவன் பதிலு வர்ற வரைக்கும் இது உங்க கிட்டயே கெடக்கட்டும், எனக்கு ஒண்ணும் ஆச்சுன்னா இத எங்கூட வெக்காதீங்க. இதை அவள் கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டையோடு போயிருக்கும்.

உடனே எழுத உட்காரவில்லை. இரண்டு நாள் வேப்பூர் பக்கம் தெரிந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்று பஸ் ஏறி, நெடுஞ்சாலையில் டீக்கடையில் உட்கார்ந்து லாரிகளை எண்ணிவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, அந்தப் பாஷையில அப்புடி என்னதான் இருக்குது, புள்ளய ரத்தம் வர அடிக்கிற அளவுக்கு, எனக்குச் சொல்லுங்க என்றாள். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை, நானும் சொல்ல நினைத்ததே இல்லை. சரி என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த வாக்கியமெல்லாம் நான் படித்த புத்தகத்து வாக்கியம்தான், உனக்கே தெரியும் அதில் சிப்பாய் குத்துவான், ராஜா கொளுத்துவான், ஆண்டை அடிப்பான், வேறொன்றும் நடக்காது. தோமினுஸ் செர்வும் வெர்பெராத் என்றேன், ஆண்டை அடிமையை அடிக்கிறான். செர்வுஸ் என்றால் அடிமை, அவன் எதையாவது செய்கிறவனாக இருந்தால் செர்வுஸ், அடியை வாங்குகிறவனாக இருந்தால் வால் மாறி செர்வும், அவனுடைய முதுகு என்றால் செர்வி, அவனுக்குக் கஞ்சி என்றால் செர்வோ. வார்த்தையை எப்படி முன்னே பின்னே போட்டாலும் அர்த்தம் மாறாது, வாலைப் பார்த்துத்தான் யார் யாரை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று கடலைகளை இடம் மாற்றி வைத்துக் காட்டினேன். அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நாமளும் அப்புடித்தான பேசுறோம், அடிமையை அடிச்சான் ஆண்டைன்னாலும் ஆண்டை அடிச்சான் அடிமையைன்னாலும் வாங்குறவன் வாங்கிக்கிட்டுத்தான இருக்கான் என்றாள்.

தங்கதுரை, அதை என் மண்டையில் ஏற்ற எனக்கு ஒரு வருஷமும் நாலு பிரம்பும் ஆனது. அவளுக்குக் கை நிறையக் கடலை உடைக்கும் நேரம் ஆனது. வினைச்சொல்லுக்குப் போனேன். அமோ என்றால் நேசிக்கிறேன், நான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம், சொல்லுக்குள்ளேயே நான் இருக்கிறேன் என்றேன். வரேன்னா நான்தான, வரான்னா அவன்தான, இதுல என்ன இருக்குது என்றாள். அமாஸ் நீ, அமாத் அவன், அமாமுஸ் நாம், அமாதிஸ் நீங்கள், அமான்த் அவர்கள். அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தானா என்று ஒரு சந்தேகம் கேட்டாள், ஆமாம் என்றதும் தலையை ஆட்டினாள். முறம் காலியாவதற்குள் ஆறையும் வரிசையாகச் சொன்னாள், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஒரு இடத்தில் தடுமாறினாள், நான் எடுத்துக் கொடுத்தேன், மறுபடி சொன்னாள், அவ்வளவுதான். பிறகு தொலியை ஊதிக்கொண்டே, இதுக்காய்யா என் புள்ளய அப்புடிப் போட்டீங்க என்றாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து பின்பக்கம் போய்க் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த நான் வயிற்றுவலியால் திரும்பி வந்தேன் என்று உங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், அது பொய். அங்கே சிக்னும் என்று ஒரு மரத்துண்டு உண்டு, கயிறு கோத்து யார் தமிழில் பேசினாலும் அவன் கழுத்தில் மாட்டுவார்கள், அவன் இன்னொருவன் தமிழ் பேசுவதைப் பிடித்து அவன் கழுத்துக்கு மாற்ற வேண்டும், சாயங்கால ஜெப மணி அடிக்கும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவனுக்குப் பன்னிரண்டு பிரம்படி. நாங்கள் பிள்ளைகளாக இருந்து பிசாசுகளானது அப்படித்தான். கழுத்தில் கட்டை விழுந்தவன் நேராகப் போய் அடுத்தவன் தொடையைக் கிள்ளுவான், காம்பஸ் முனையால் குத்துவான், விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குவான். வலி எடுத்தால் எவனுக்கும் லத்தீன் வராது, அம்மா என்றுதான் வரும், வந்ததும் கட்டையை அவன் கழுத்துக்கு மாற்றிவிடுவோம். நானே ஒருவன் நகத்தைப் பெயர்த்திருக்கிறேன். வகுப்பில் லத்தீன் சாமியார் ஒரு உருபுக்கு ஒரு அடி, ஒருமை பன்மை சேர்த்துப் பன்னிரண்டு, தப்பினால் முதலிலிருந்து. பதினேழாவது வயதில் ஒருநாள் ஏழாவது அடிக்குப் பிறகு என் முன்னால் மேசையில் இருந்த பீங்கான் மைக்கூட்டை எடுத்து அவர் முகத்தில் எறிந்தேன். புருவம் எலும்பு தெரியக் கிழிந்தது, மையும் ரத்தமும் சேர்ந்து அங்கியெல்லாம் வழிந்தது, அவர் விழுந்த பிறகும் நான் பெஞ்சைத் தாண்டிப் போய் மிதித்தேன். நாலு பேர் என்னைத் தூக்கினார்கள். அன்றைக்கே பெட்டியோடு வெளியே. அப்படி வந்து சேர்ந்தவன்தான் இந்த ஊரில் பீங்கான் தட்டுகிறவன் ஆனேன்.

அவ்வளவு வெறுத்த எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டுமல்லவா? வரவில்லை. நான் விட்டதை என் மகன் முடிக்க வேண்டும் என்ற வெறிதான் வந்தது. அடி விழாமல் லத்தீன் ஏறும் என்று எனக்கு யாரும் காட்டவில்லை, அரிசி வேகத் தண்ணீர் வேண்டும் என்பதைப்போல இதற்கு அடி வேண்டும் என்றே நம்பினேன். உனக்கு ஏழு வயதில் ஆரம்பித்தேன். சூளையின் முதல் சூட்டில் கீறல் விட்டுக் கழித்த பீங்கான் தட்டுகளைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து அதில் கரியால் உருபுகளை எழுதிச் சுவரோரம் சாய்த்து வைப்பேன், நீ தப்பாகச் சொன்னால் அந்தத் தட்டையே எடுத்து உன் விரல் முட்டியில் உடைப்பேன். உன் வலது கையில் நடுவிரல் கோணலாக இருக்கிறதே, கிரிக்கெட் பந்து பட்டது என்று ஊரெல்லாம் சொன்னோம். உனக்கு அது நினைவிருக்கும், நீ அதை மன்னித்தும் இருப்பாய், அதனால்தான் என் கைக்கு நன்றி எழுதினாய். உனக்கு நினைவில்லாத ஒன்று இருக்கிறது.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருந்தோம். மகள்களுக்கு என்பதற்கு என்ன என்று கேட்டேன். நீ ஃபிலியாபுஸ் என்றாய். நான் தப்பு என்றேன். நீ இல்லப்பா அதுதான் என்றாய். என்னை எதிர்த்துப் பேசினாய் என்று என் வலது கையை முழுதாக வீசி உன் இடது காதோடு சேர்த்து அறைந்தேன். நீ போய் அம்மிக்கல்லில் மோதி விழுந்தாய், கண் செருகிவிட்டது, காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. நான் அப்போதும் எழுந்திருடா என்று காலால் தள்ளினேன். உன் அம்மா அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள், கொதிக்கிற கஞ்சிப் பானையை அப்படியே என்மேல் வீசினாள். என் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் பால் ஏடுபோலக் கழன்று வந்தது. சூளைக் கதவு பட்டது என்று இத்தனை வருஷமாக உனக்கு நான் காட்டிய தழும்பு சூளையில் பட்டதல்ல, உன் அம்மா கொடுத்தது. இன்னொரு அடி அடிச்சா அருவாமணையத் தூக்கிருவேன் என்றாள், தூக்கியிருப்பாள். அந்தப் புத்தகத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். இப்படிச் சில சொல்லுக்கு மட்டும் வால் வேறு என்று அடியில் பொடி எழுத்தில் குறிப்புப் போட்டிருந்தது. நீ சொன்னதுதான் சரி.

உனக்கு இரண்டு நாள் நினைவு தப்பித் தப்பி வந்தது, காதில் சீழ் வைத்தது. அந்த வாரமே தெருவில் பொன்னுக்கு வீங்கி பரவி உனக்கும் கன்னம் வீங்கியது, எனக்கு அது பெரிய வசதியாகப் போய்விட்டது. டாக்டரிடம்கூட அறைந்ததைச் சொல்லவில்லை, உன் அம்மாவைச் சொல்லவும் விடவில்லை, சொன்னால் நீ குருமடத்தில் சேர்வதற்குக் குறையாகிவிடும் என்று பயமுறுத்தினேன். ஒரு மாதம் கழித்து அவள்தான் முதலில் கவனித்தாள், இடப்பக்கம் நின்று சோத்துக்குக் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன்கிறான் என்று. நான் ஒரு நல்ல இன்சுலேட்டரைக் கொண்டுவந்து, நீ கோலி ஆடிக்கொண்டிருக்கும்போது உன் பின்னால் வந்து இடது பக்கம் உட்கார்ந்து, உன் வலது காதை விளையாட்டுப்போல உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தட்டினேன். கணீரென்றது. தெருமுனையில் கட்டியிருந்த ஆடு திரும்பிப் பார்த்தது. நீ திரும்பவில்லை. ஆயிரக்கணக்கான உருப்படியைத் தட்டித் தட்டிக் கீறல் கண்டுபிடிக்கிறவன் நான், என் பிள்ளைக்குள் கீறலை நானே வைத்துவிட்டு, பொன்னுக்கு வீங்கியில் காது போனது என்று எல்லாரிடமும் சொன்னேன். நீயும் அதையே நம்பி, இந்த வயதிலும் போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு, சின்ன வயசுக் காய்ச்சல்ப்பா என்று என்னிடமே சொல்கிறாய். ஒவ்வொரு தடவையும் நான் ஆமாம் என்றிருக்கிறேன்.

இதை எஸ்டிடி பூத்தில் நின்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, வெளியே நாலு பேர் காத்திருக்க, நீ என்ன என்ன என்று கேட்க, திருப்பித் திருப்பிக் கத்திச் சொல்லவேண்டி வரும். அதனால் எழுதினேன். என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், நான் கேட்கும் தகுதியை இழந்து ரொம்ப நாளாகிறது. ஆனால் என் கைக்கு நன்றி சொன்னாயே, அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள். நீ லத்தீன் படித்தது என் அடியால் இல்லை, அடிக்கு நடுவிலும் உனக்கு அது பிடித்திருந்தது, எனக்கே தெரியாத அடிக்குறிப்பை ஒன்பது வயதில் நீயாகத் தேடிப் படித்திருந்தாய். அந்த மலையில் இருக்கிற பிள்ளைகளின் வீட்டுப் பேச்சிலும் ஏதோ ஒரு வழி இருக்கும், உன் அம்மாவுக்குக் கடலையில் புரிந்தது அவர்களுக்கு வேறெதிலாவது புரியும், உட்கார்ந்து கேள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. தமிழினி வீட்டு நிலத்துக்காக ஒரு பூசை வை, அவள் மாமனாருக்குத் தோள் சீக்கிரம் கூட வேண்டும் என்றும் வேண்டிக்கொள்.

எப்போதும் உன் ஆசீர்வாதத்தைக் கேட்டுத்தான் கடிதத்தை முடிப்பேன். இன்றைக்கு உன் அம்மா சொன்னபடி நானே இங்கிருந்து உன் நெற்றியில் ஒரு சிலுவை போடுகிறேன், உன் இடது காதிலும் ஒன்று போடுகிறேன், ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். ஒரு வேலை மட்டும் மறக்காமல் செய். கடிதம் கிடைத்த அன்றைக்கே செய். அந்த மாணவன் எங்காவது தனியாக இருக்கும்போது பின்னால் போய் நில், வலது காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, மெதுவான குரலில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, பிறகு இடது காதைப் பொத்தச் சொல்லி ஒருமுறை கூப்பிடு. உன் கடிதத்தை நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டேன், அவன் பெயரை நீ எழுதவேயில்லை. அவன் பெயர் என்ன என்று எழுது. திரும்பினானா என்று எழுது. துணி என் தலையணைக்கடியில் இருக்கிறது, உன் அம்மா தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாமிதுரை